அரிவாள் பிறக்கும் உலைக்களம்

தரையில் அமர்ந்து காய் நறுக்க உதவும் கருவியை மராத்தியர் ‘விளி’ என்பர். தமிழர் அரிவாள்மனை என்பர். தமிழில் விளி என்றால் அழைத்தல், இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. செம்பூர்ச் சாலையோரத்தில் இளநீர் சீவும் ‘கோய்தா’வோ தமிழரின் வெட்டரிவாளுக்கு உறவு.

தமிழ்நாட்டில் அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி. திரைப்படங்கள் அவ்வூர் அரிவாளைச் சண்டைக் கருவியாகவே காட்டிவிட்டன. அது வீண்பழி. கதிர் அறுக்கவும் முள் வெட்டவும் உழவர் வாங்கும் கருவி அது. கொல்லர் தொழிலும் மிகப் பழையது. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில், 2000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பும் எஃகும் ஆக்கப்பட்டமைக்கு அகழாய்வுச் சான்றுகள் உள்ளன.

இக்காலக் கொல்லர் பலர் பழைய லாரியின் வில்பட்டையைத் துண்டாக்கி அரிவாள் செய்கின்றனர். வெறும் இரும்பில் கூர் நில்லாது. வில்பட்டை எஃகில் நூற்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கு கரி கலந்திருக்கும். கடினம் அதனால் வருகிறது.

துருத்தி ஊத, உலையிலிட்ட துண்டு சிவந்து, பின் செம்மஞ்சளாகும். அப்போதே அடிக்க வேண்டும். மூத்தவர் குறடால் துண்டைப் பட்டடையில் பிடித்து, சிறு சுத்தியலால் ஓரிடத்தைத் தட்டிக் காட்டுவார். உதவியாள் அவ்விடத்தில் சம்மட்டியை இறக்குவார். நிறம் மங்கினால் துண்டு மீண்டும் உலைக்குப் போகும். வெண்மையாகிப் பொறி பறக்கும்வரை விட்டாலோ எஃகு கருகிக் கெடும்.

வடிவம் வந்தபின் நடப்பதே அருஞ்செயல். அதற்குத் தோய்ச்சல் என்று பெயர். அலகை ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வரை காய்ச்சி, வாய்ப்பகுதியை மட்டும் நீரில் தோய்ப்பர். கொல்லரிடம் வெப்பமானி இல்லை, கண்ணே அளவுகோல். வெயிலில் நெருப்பின் நிறம் தெரியாது என்பதால்தான் உலைக்களம் நிழலாக இருக்கிறது. சூடு குறைந்தால் கூர் நில்லாது. மிகுந்தால் அலகு வெடித்து, அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகும்.

தோய்த்த வாய் கண்ணாடிபோல் கடினமானது. கண்ணாடிபோல் உடையவும் கூடும். ஆகவே முதுகில் எஞ்சிய சூடு வாய்க்குப் பரவும்வரை கொல்லர் காத்திருப்பார். தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் தோன்றியதும் மீண்டும் நீரில் அமிழ்த்துவார். கடினம் சிறிது தணிந்து உறுதி கூடும். பிறகு அரத்தால் தீட்டி, மரப்பிடியில் பூண் இட்டு இறுக்குவர்.

மும்பைத் தெருக்களில் மிதிவண்டியில் வரும் சாணை பிடிப்பவர், தேர்ந்தவராயின், அலகைச் சக்கரத்தில் அழுத்தி வைப்பதில்லை. தொட்டுத் தொட்டு எடுப்பார். உராய்வுச் சூட்டில் வாய் நீலம் பாய்ந்தால் அவ்விடத்தில் தோய்ச்சல் போய்விடும். எத்தனை முறை தீட்டினாலும் விரைவில் மழுங்கும்.