குழாயோரம் ஒரு பாதை

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சைக்கிள் பாதை எதற்கு என்று சங்க அன்பர்கள் சிலர் கேட்டார்கள். முலுண்டில் குடியிருப்பவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கலாம். நல்ல கேள்விதான்.

தான்சா ஏரித் தண்ணீர் 1892 முதல் மும்பைக்கு வருகிறது. அதன் பெருங்குழாய்கள் முலுண்டு தொடங்கித் தாராவிப் பக்கம் வரை நகருக்குள்ளேயே ஓடுகின்றன. காலப்போக்கில் குடிசைகள் குழாயை ஒட்டியே எழுந்துவிட்டன. குழாய்களின் பாதுகாப்புக்காக இருபுறமும் 10 மீட்டர் இடத்தைக் காலி செய்யும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. காலியான இடம் சும்மா கிடந்தால் மறுபடி குடிசை முளைக்கும் என்று, 39 கிலோமீட்டருக்கு நடைபாதையும் சைக்கிள் பாதையும் அமைக்க மாநகராட்சி திட்டமிட்டது.

மும்பையில் இத்தனை நீளத்துக்குத் தொடர்ச்சியாக நிலம் கிடைப்பதே அபூர்வம். தளம் போடுவது பெரிய வித்தையல்ல. பாதை ஒரு பெரிய சாலையைக் குறுக்கிடும் இடத்தில்தான் சிக்கல். அங்கே சிக்னலோ மேம்பாலமோ இல்லையென்றால் பள்ளிப் பிள்ளை சைக்கிளோடு அங்கேயே நின்றுவிடும். அப்புறம் பாதை எத்தனை கிலோமீட்டர் இருந்தென்ன?

அடுத்தது அகலம். நடப்பவருக்கு மட்டுமே குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012 நெறிமுறை. சைக்கிளுக்குத் தனி இடம் விட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் சைக்கிள்காரர் மணியடித்தே களைத்துப் போவார். என்னைப் போன்ற முழங்கால் வலிக்காரர் வீட்டோடு உட்கார்ந்துவிடுவார். வழுக்காத தளமும் ஓரத்தில் வடிகாலும் இல்லாவிட்டால் ஜூலை மழையில் பாசிதான். விளக்கில்லாத பாதையில் நம் வீட்டுப் பெண்கள் இருட்டிய பிறகு கால் வைப்பார்களா?

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. குழாயோரம் இருந்தவர்களில் பலரைச் செம்பூரை அடுத்த மாஹூலுக்கு அனுப்பினார்கள். சுற்றிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். அங்குள்ள காற்று உடல்நலத்துக்கு ஆபத்து என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொல்லியிருந்தது. மாஹூலுக்குப் போக விரும்பாத தகுதியுள்ள குடும்பங்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை தரும்படி 2019-இல் உயர்நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. நாம் காற்று வாங்கப் போகும் பாதைக்காக இடம் விட்டவர்கள் அவர்கள்.

பாதையோ திட்டமிட்ட காலத்தில் முடியவில்லை; துண்டு துண்டாகத்தான் வந்தது. உங்கள் பேட்டைக்கும் வருவதாக இருந்தால், வார்டு அலுவலகத்தில் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குறுக்குச் சாலைகளில் என்ன ஏற்பாடு என்று அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.