தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தால் மூளையில் வெள்ளைப் புள்ளிகள்: பயப்பட வேண்டுமா?

மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியோடு வருடக்கணக்கில் போராடும் பலர், ஒரு கட்டத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்கள். கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை. ஆனால், ரிப்போர்ட்டின் கடைசியில் ‘ஒயிட் மேட்டர் ஹைப்பர் இன்டென்சிட்டி’ என்று ஒரு வரி. ‘மூளையில ஏதோ புள்ளி இருக்காமே’ என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டால், தலைவலியைவிட அந்த வரிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அந்தப் புள்ளி என்ன?

மூளைக்குள் நரம்பு இழைகள் செல்லும் பகுதிக்கு வெண்பொருள் என்று பெயர். அதில் சில இடங்கள் ஸ்கேனில் வெளிச்சமாகத் தெரியும். இது கட்டி அல்ல. வயது, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றால் வரலாம். மைக்ரேன் உள்ளவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே காணப்படுகிறது. ‘நான் ஸ்பெசிஃபிக்’ என்று போட்டிருந்தால், குறிப்பிட்ட எந்த நோயையும் அது சுட்டவில்லை என்று பொருள்.

நாளாக நாளாக மோசமாகுமா?

நெதர்லாந்தில் நடந்த ‘கேமரா’ ஆய்வு இதைத்தான் தேடியது. அதில் ஸ்கேன் எடுத்தவர்களுக்குச் சுமார் 9 ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். 2012-இல் முடிவு வந்தது. மைக்ரேன் உள்ள பெண்களில் 77 சதவீதம் பேருக்குப் புள்ளிகள் கூடியிருந்தன. மைக்ரேன் இல்லாத பெண்களிலும் 60 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தன. ஆனால், அதனால் நினைவாற்றலோ சிந்திக்கும் திறனோ குறைந்ததாகத் தெரியவில்லை. தலைவலி எத்தனை முறை வந்தது என்பதற்கும் புள்ளிகள் கூடியதற்கும் தொடர்பு தென்படவில்லை.

வேறு ஏதாவது தெரிந்தால்?

அதே நாட்டின் ராட்டர்டாம் நகரில் 45 வயதைக் கடந்த 2,000 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. 1.8 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய் வீக்கமும், 1.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் அல்லாத கட்டியும் இருந்தன. இவர்கள் நோயென்று வந்தவர்கள் அல்ல, பொதுமக்கள். ஆக, ஸ்கேனில் தெரிவதெல்லாம் தலைவலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதற்காக அலட்சியமும் கூடாது. இப்படி ஏதாவது இருந்தால் தொடர் கண்காணிப்பு தேவையா என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவுசெய்வார்.

என்ன செய்யலாம்?

ரிப்போர்ட்டை மட்டுமல்ல, ஸ்கேன் படத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரையைப் பரிசோதியுங்கள். புகைப்பதை நிறுத்துங்கள். தலைவலிக்கு முன்பு கண்ணில் மின்னல்கோடுகள் தெரியும் ‘ஆரா’ வகை மைக்ரேன் உள்ள பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அவசியம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

இடி விழுந்ததுபோல் திடீரெனக் கடும் தலைவலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் ‘வழக்கமான தலைவலிதானே’ என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள். நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தலைவலி வந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.