பயம் தெளிந்த நாய்

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை மட்டுமே பட்டாசு என்று தமிழக அரசு 2018 முதல் அறிவித்துவருகிறது. முதல் நாள் மாலையே தெரு அதிரத் தொடங்கிவிடும் என்பது நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பசுமைப் பட்டாசு குறைப்பதாகச் சொல்லப்படுவது முக்கியமாகப் புகையை. சத்தத்துக்கு விதி வைத்திருக்கும் உச்சவரம்போ, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபல்.

ஆகவே, வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: நாய்க்குப் பதற்றம் தணிக்கும் மாத்திரை தரலாமா? சென்ற ஆண்டே கொடுத்துப் பார்த்த ஒரு வாசகருக்கு வேறு குழப்பம். நடுக்கம் நின்றுவிட்டதாம், ஆனால், அதுவரை ஒதுங்கியே போய்க்கொண்டிருந்த நாய், பேரனைப் பார்த்து உறுமியதாம். ஒரே மாத்திரை இரண்டையும் எப்படிச் செய்யும் என்கிறார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இதற்குத் தரப்படும் அல்பிரஸோலம், டயஸெபாம் வகை மருந்துகளுக்கு 'சாந்தப்படுத்தும் மருந்து' என்று பெயர் வாங்கித் தந்தவை குரங்குகள். லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் நியூஜெர்சியில் உள்ள ரோச் மருந்து நிறுவன ஆய்வகத்தில் உருவாக்கி ஒதுக்கிவைத்திருந்த இவ்வகைச் சேர்மம் ஒன்று, 1957-இல் விலங்குச் சோதனைக்குப் போனது. கை நீட்டினால் பாய்ந்து கடிக்கும் குரங்குகள், தூங்கிவிழாமல், தள்ளாடாமல், அப்படியே அடங்கின. 1960-இல் அது லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது. சோதனையில் குறை இல்லை. கொடிய விலங்கையும் சாதுவாக்கும் மருந்து என்று அதிலிருந்து எடுத்த முடிவுதான் அவசரம். கூண்டில் மாட்டிக்கொண்ட குரங்கு கடிப்பது தப்பிக்க வழி இல்லாததால். பயம் போனால் அந்தக் கடியும் போகும். எல்லாக் கடியும் அந்த ரகமா என்ன?

அதே 1960-இல் கெல்லர், சீஃப்டர் என்ற இருவர் வெளியிட்ட எலிச் சோதனை இதைவிடத் தெளிவானது. நெம்புகோலை அழுத்தினால் உணவு வரும். சில நிமிடங்களுக்கு மட்டும் உணவோடு மின்னதிர்ச்சியும் சேர்ந்து வரும். அதற்கு முன்னறிவிப்பும் உண்டு. எலி சீக்கிரமே கற்றுக்கொண்டு அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொள்ளும். பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்ததும், அதிர்ச்சி வரும் என்று தெரிந்தே போய் அழுத்தியது. வலியோ பசியோ மாறியதாகக் கொள்ள வேண்டியதில்லை. 'வேண்டாம்' என்று இழுத்துப் பிடித்த ஒன்று தளர்ந்துவிட்டது. இந்த வகை மருந்துகளைத் தேர்ந்தெடுக்கவே பிறகு இச்சோதனை அளவுகோலாயிற்று. தண்டனைக்கு அஞ்சாமல் செய்ய வைப்பதுதான் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்று வைத்துக்கொண்டு, அதையே சாந்தம் என்று விற்றது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

க்ளவுஸ் மிக்ஸெக் போன்ற ஆய்வாளர்கள் 1970-களிலிருந்து செய்த ஆய்வுகளில் மறுபக்கம் தெரிந்தது. தன் கூண்டுக்குள் வந்த அந்நிய எலியைத் தாக்கும் எலிக்கு இம்மருந்தைக் குறைவாகக் கொடுத்தால் தாக்குதல் கூடக்கூடும். கூடுதலாகக் கொடுத்தால் குறையும். அப்போது தசையும் தளர்ந்து, தூக்கமும் வந்திருக்கும்.

ஸ்வீடனில் மீன்களிடமும் பயம் தளர்வதைப் பார்த்தார்கள். மனிதர் உட்கொண்டு கழிவுநீர் வழியே ஆற்றில் சேரும், இதே வகை மருந்தான ஆக்ஸஸெபாம், பெர்ச் மீன்களைத் துணிச்சலாக்கிக் கூட்டத்தை விட்டு விலகவைத்தது என்று 2013-இல் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. பெரிய மீன் தின்னக் காத்திருக்கும் தண்ணீரில் அது நல்ல செய்தி அல்ல.

இனி வாசகரின் நாய்க்கு வருவோம். பயத்தால் கடிக்கும் நாயும் உண்டு. பயத்தால் மட்டுமே கடிக்காமல் இருக்கும் நாயும் உண்டு. இரண்டாவது நாய்க்கு அந்தப் பயமே கட்டுக்கயிறு. மாத்திரை முதல் நாயை அடக்கும், இரண்டாவதை அவிழ்த்துவிடக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கட்டிலுக்கடியில் ஒரே மாதிரிதான் நடுங்கும்.

மற்றக் கேள்விகள்:

அம்மாவின் தூக்க மாத்திரையில் பாதி தரலாமா? கூடாது, இந்த வகை மாத்திரைகள் மருத்துவர் சீட்டும் கடையில் தனிப் பதிவேடும் தேவைப்படும் எச்1 அட்டவணை மருந்துகள்.

பூனைக்கு டயஸெபாம் மாத்திரை? சில பூனைகள் கல்லீரல் செயலிழந்து இறந்திருக்கின்றன.

அசெப்ரோமஸின் என்ற மந்தப்படுத்தும் மருந்து? உடல் அசையாமல் கிடக்கும். பயம் உள்ளேயே இருக்கும்.

எப்போது தருவது? முதல் வெடிக்கு முன். பதற்றம் ஏறிய பிறகு பலன் குறைவு.

மடியில் வைத்துத் தேற்றினால் பயம் கூடுமா? பயம் அதிகமாகாது.

தெருநாய்க்கு? மருந்து வேண்டாம், கேட்டைத் திறந்து விடுங்கள்.

இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் போய், அமைதியான ஒரு நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். நாய் யாரையாவது கடித்திருந்தாலோ கடிக்க வந்திருந்தாலோ, அவர் கேட்காவிட்டாலும் அதை முதலில் சொல்லுங்கள்.