பிரான்சின் ஓய்வூதியச் சீர்திருத்தம்: இரு அனுபவங்கள்

சமூகக் காப்பீட்டு முறையில் ஓய்வூதியம் அரசின் உதவியாகக் கருதப்படுவதில்லை. சந்தா செலுத்தி ஈட்டிய உரிமையாகவே தொழிலாளர் அதனைக் கொள்கின்றனர். பிரான்சில் காப்பீட்டு நிதியங்களின் நிருவாகத்திலும் தொழிற்சங்கங்களுக்கு இடமுண்டு. ஆகவே, நாடாளுமன்றப் பெரும்பான்மை மட்டும் அங்குப் போதுவதில்லை.

1993-இல் பிரதமர் பலதூர், தனியார் துறை ஊழியர் முழு ஓய்வூதியம் பெறுவதற்கான சந்தாக் காலத்தை 37.5 ஆண்டிலிருந்து 40 ஆண்டாகப் படிப்படியாக உயர்த்தினார். கணக்கிற்குரிய ஊதியமும் சிறந்த 10 ஆண்டுகளின் சராசரி என்பதிலிருந்து 25 ஆண்டுகளின் சராசரியாக மாறலாயிற்று. இழப்பு சிறிதன்று, எனினும், பெரும் எதிர்ப்பு எழவில்லை. தனியார் துறையில் சங்கங்கள் வலுவிழந்திருந்தமை ஒரு காரணம். மற்றொன்று பேரம்: சந்தா செலுத்தாத முதியோருக்கான உதவித்தொகை போன்ற செலவுகளை வரிப்பணத்திலிருந்து ஏற்கத் தனி நிதியம் ஒன்று அமைக்கப்பட்டது. தொழிலாளர் பணம் பிறவற்றுக்குச் செலவாகிறது என்ற சங்கங்களின் குறை இதனால் ஓரளவு தணிந்தது.

1995 நவம்பரில் பிரதமர் ஜுப்பே அதே 40 ஆண்டு விதியை அரசு ஊழியர்க்கும் நீட்டிக்க முற்பட்டார். ரயில்வே முதலிய சிறப்புத் திட்டங்களும் விடுபடவில்லை. நோய்க் காப்பீட்டுச் சீரமைப்பும் அதே அறிவிப்பில் இடம்பெற்றது. சங்கங்களைக் கலந்தாலோசிக்காமலே திட்டம் தயாராயிற்று; இது பெரும் பிழை. ஏறத்தாழ மூன்று வாரம் ரயில்கள் ஓடவில்லை. ஓய்வூதியப் பகுதி கைவிடப்பட்டது. நோய்க் காப்பீட்டுப் பகுதி நிலைத்தது. அரசு ஊழியர்க்கு 40 ஆண்டு விதி 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே வந்தது. ரயில்வே ஊழியர்க்கு 2008 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.