“நாளை முதல் வராதே” என்றால் சும்மா போகவேண்டியது இல்லை! 2 மணி நேர வேலைக்கும் நோட்டீசு, நஷ்டஈடு உண்டு

சென்னை,

காலை 7 மணிக்கு பாரிமுனை தம்புச்செட்டி தெருவுக்குப் போனால் பார்க்கலாம்.

ஆபீசு ஷட்டர்கள் பாதிதான் ஏறி இருக்கும். உள்ளே விளக்குமாறு சத்தம் கேட்கும். தரையைப் பெருக்கி, துடைத்து, மேஜை தட்டி, குடிதண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, குமாஸ்தாக்கள் வரும் முன்பே அந்தப் பெண்கள் போய்விடுவார்கள்.

இவர்கள்தான் “பார்ட் டைம்”. மொத்தம் 2 மணி நேர வேலை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது. சம்பளச் சீட்டும் கிடையாது. மாதம் பிறந்தால் ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

வேலை போவதும் அப்படித்தான்.

“ஏம்மா, நாளையிலேருந்து நீ வரவேணாம். ஏஜென்சியிலே ஆள் போட்டாச்சு” என்பார் மானேஜர். 10 வருடம் பெருக்கிய பெண், மீதிச் சம்பளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, “சரிங்க சார்” என்று படி இறங்குவார்.

அப்படி இறங்கவேண்டியது இல்லை என்பது அவருக்குத் தெரியாது. மானேஜர்களிலும் பல பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள் என்பது வேறு விஷயம்!

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

இந்த விஷயம் ஒரு முறை டெல்லி வரை போய் வந்தது.

தமிழ்நாட்டில், அரசு இன்சூரன்சு கம்பெனி ஒன்றின் கிளை ஆபீசில் பெருக்கி, தண்ணீர் எடுத்து வைத்தவர் அவர். பகுதி நேர வேலைதான். நோட்டீசும் இல்லாமல், நஷ்டஈடும் இல்லாமல் நிறுத்தப்பட்டார். வழக்கு போட்டார்.

“முழு நேர ஆள் இல்லை. அதனால் இவர் தொழிலாளியே இல்லை” என்று வாதாடியது கம்பெனி.

சென்னை ஐகோர்ட்டைத் தாண்டி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது வழக்கு. பகுதி நேரம் வேலை செய்பவரும் தொழிலாளிதான், ஆட்குறைப்பு விதிகள் அவருக்கும் பொருந்தும் என்று 2008-ல் தீர்ப்பானது.

அந்த வழக்கு நடந்தது 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21-ந் தேதி முதல், தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. “பழைய சட்டம் போச்சு, உனக்கு ஒண்ணும் கிடையாது” என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். புதிய சட்டத்திலும் தொழிலாளி என்பதற்கு மணிக்கணக்கு எதுவும் வைக்கவில்லை.

எவ்வளவு கிடைக்கும்?

நிறுத்துவதற்கு முந்திய 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். சட்டம் எண்ணுவது நாளைத்தான், மணியை அல்ல. சம்பளத்தோடு விட்ட ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் இதில் சேரும் என்று 1985-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது.

ஆளைக் குறைக்கவேண்டுமானால் காரணத்தை எழுதி 1 மாத நோட்டீசு கொடுக்க வேண்டும். இல்லை என்றால் 1 மாதச் சம்பளம். அதோடு ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். கடைசியில் 6 மாதத்துக்கு மேல் துண்டு விழுந்தால் அதுவும் 1 வருடம்.

மாதம் 6 ஆயிரம் ரூபாய் வாங்குகிறவர், 7 வருடம் 8 மாதம் வேலை பார்த்ததாக வைத்துக்கொள்வோம். கணக்கில் அது 8 வருடம். நஷ்டஈடு 24 ஆயிரம். நோட்டீசுக்குப் பதில் 6 ஆயிரம். ஆக 30 ஆயிரம் ரூபாய். புதிய சட்டப்படி மறுபயிற்சி நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளமும் 45 நாளுக்குள் அவர் கணக்கில் விழவேண்டும். அது 3 ஆயிரம்.

முழு நேர ஊழியருக்குக் கிடைப்பதைவிடக் குறைவுதான். ஆனால் முந்தானையில் முடிந்த மீதிச் சம்பளம் எங்கே, 33 ஆயிரம் எங்கே!

திருட்டு, ஒழுங்கீனம் என்று சொல்லி நிறுத்தினால் இந்தக் கணக்கு வராது. ஆனால் அதற்கு விசாரணை நடத்தவேண்டும். வாயால் பழி சுமத்தினால் போதாது.

காகிதம் எங்கே?

இங்கேதான் பல பேர் தோற்கிறார்கள்.

240 நாள் வேலை பார்த்ததைத் தொழிலாளிதான் காட்டவேண்டும் என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் எதைக் காட்டுவார்?

வவுச்சரில் கையெழுத்துப் போடும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பணத்தைக் கையில் வாங்காமல் பாங்கிக் கணக்கில் போடச் சொல்லலாம். பாஸ் புத்தகத்தில் மாதா மாதம் விழும் வரியை மறைக்க முடியாது. சாவி வாங்கிய நோட்டு, மானேஜர் அனுப்பிய வாட்ஸ்அப், வாட்ச்மேன் சாட்சி... எல்லாம் உதவும்.

புகாரை வாங்குவது தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி. தனியார் ஆபீசு, கடை என்றால் மாநிலத் தொழிலாளர் துறை. தலைமை ஆபீசு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. பாங்கி, இன்சூரன்சு என்றால் மத்திய அரசு அதிகாரி. அவர் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில். மாறிப் போனால் அலைச்சல்தான். 2 வருடம் தாண்டினால் சமரச அதிகாரியும் கைவிரித்துவிடுவார்.

வேலை திரும்பக் கிடைக்கும் என்று எண்ணி இருக்கவும் கூடாது. மீண்டும் வேலை தருவதற்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுக்கச் சொல்லும் தீர்ப்புகள்தான் இந்த வருடங்களில் அதிகம்.

இன்னொன்று. ஆபீசைப் பெருக்கிவிட்டு, அதே பெண் 9 மணிக்கு ஏதோ ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போவார். அதே கைகள்தான். ஆனால் வீட்டு வேலையைப் புதிய சட்டம் “தொழில்” என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்த வீட்டு அம்மா “நாளைக்கு வராதே” என்றால், இந்தச் சட்டப்படி நோட்டீசும் இல்லை, நஷ்டஈடும் இல்லை.