விரலுக்குள் போகும் வெளிச்சம்

ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறப்பர் பால் வெட்டுகிறவர், மூச்சு வாங்குகிறதென்று கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போனால், முதல் வேலையாக விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டுவார்கள். கொரோனாக் காலத்தில் எல்லோரும் பார்த்த கருவிதான். அதன் தத்துவத்தை 1974இல் தந்தவர் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி. ஒரு பக்கத்தில் 660 நனோமீற்றர் சிவப்பு ஒளியும் 940 நனோமீற்றர் அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறி மின்னும். எதிரே ஓர் உணரி. ஒட்சிசன் குறைந்த இரத்தம் சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும், நிறைந்த இரத்தம் அகச்சிவப்பை. நாடி துடிக்கையில் கூடிக் குறைகிற பங்கை மட்டும் எடுத்தால் ஒட்சிசன் வீதம் தெரிந்துவிடும். தோல் துடிப்பதில்லையே, அதன் நிறம் தானாகக் கழிந்துபோகும் என்று நம்பினார்கள்.

முழுதாகக் கழியவில்லை. கருவி ஒட்சிசனை 92 முதல் 96 வீதம் வரை காட்டியபோதும் உண்மையில் 88க்குக் கீழே இறங்கியிருந்த அளவீடுகள் கறுப்பின நோயாளிகளில் 11.7 வீதம், வெள்ளையரில் 3.6 வீதம் என்று மிச்சிகன் ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் எழுதினார்கள்.

ஏன் என்று பார்க்க உயிருள்ள விரலுக்குள் ஒளியைப் பின்தொடர முடியாது. கணினியில் முடியும். ஒளியியல் மென்பொருளில் தோல், கொழுப்பு, இரத்தம், எலும்பு என அடுக்கடுக்காக ஒரு விரலைக் கட்டி, ஒவ்வோர் அடுக்கும் ஒளியை எவ்வளவு உறிஞ்சும், எவ்வளவு சிதறடிக்கும் என்று எண் கொடுக்க வேண்டும். பிறகு இலட்சக்கணக்கான ஒளித்துகள்களை உள்ளே விடலாம். தசைக்குள் ஒளி ஏறக்குறைய மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு போவதற்குள் ஒருமுறை திசை மாறும். எந்தப் பக்கம் என்பதைத் தற்செயல் எண்ணே முடிவு செய்யும். சூதாட்ட விடுதிக்குப் பேர்போன மொன்டே கார்லோவின் பெயரை இந்த முறைக்கு வைத்தது பொருத்தம்தான். 1995இல் லிஹொங் வாங், ஸ்டீவன் ஜாக்ஸ், லிச்சியொங் ஜெங் மூவரும் வெளியிட்ட இலவச நிரல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கிளிப்பின் வில்லையையும் உறையையும் வடிவமைக்க ஸீமாக்ஸ், டிரேஸ்புரோ போன்றவை உண்டு. அச்சு வார்த்துச் செலவழிக்குமுன், உணரியைக் கொஞ்சம் நகர்த்தினால் என்னவாகும் என்று பார்த்துவிடலாம்.

கறுத்த தோலில் கருவி பிழைப்பதற்குச் சந்தேகப்படும் காரணங்களில் ஒன்று நுட்பமானது. சிவப்பு விளக்கு 660இல் மட்டுமா எரிகிறது? சுற்றியுள்ள அலைநீளங்களும் சேர்ந்தே வரும். மெலனின் அவற்றில் குட்டையானவற்றைக் கூடுதலாக விழுங்குவதால், கறுத்த தோலைக் கடந்து வருவது சற்றே வேறு சிவப்பு. உணரிக்கு வந்த ஒளியை ஒட்சிசன் வீதமாக மாற்றும் கருவியின் அட்டவணைக்கு அது தெரியாது. அந்த அட்டவணை, குறைந்த ஒட்சிசனைச் சுவாசிக்க முன்வந்த ஆட்களைக் கொண்டு தயாரித்தது. மருத்துவக் கருவிகளுக்கான அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பின் 2013 வழிகாட்டி கேட்டது குறைந்தது 10 பேர். அதில் கறுத்த தோலுள்ளவர் இருவர் அல்லது 15 வீதம் போதுமாம்! 2025 ஜனவரி வரைவுதான் குறைந்தது 150 பேரைக் கேட்டது.

மென்பொருளும் கொடுத்ததைத்தான் கணக்கிடும். வருடக்கணக்கில் வெயிலில் கறுத்து, கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரலையும் அதில் கட்டலாம், தோலின் தடிப்பையும் மெலனின் அளவையும் மாற்றினால் போதும். அந்த எண்களை யாராவது தோட்டத்துக்கு வந்து அளந்து எடுத்துப் போக வேண்டும்.