பேசாத பொத்தான்

மிக்ஸி மக்கர் செய்தால் பழுது பார்ப்பவர் உடனே வந்துவிடுவார். பழைய ஸிந்தஸைஸரின் பொத்தான் மக்கர் செய்தால்? "இதற்கெல்லாம் இனிமேல் சாமான் ஏது?" என்று கையை விரித்துவிடுவார்! அதை நம்பி உடனே பழைய சாமான்காரரைக் கூப்பிட்டு விடாதீர்கள், சகோதரிகளே. அநேகமாகக் கோளாறு பட்டாணி அளவுள்ள ஒரு சிறு விசையில்தான் இருக்கும்.

ஜப்பானிய ரோலண்ட் கம்பெனி 1984-ல் வெளியிட்ட ஜூனோ-106 வாத்தியத்தை எடுத்துக்கொள்வோம். 61 கட்டைகள், ஒரே சமயத்தில் 6 ஸ்வரங்கள், 128 வகை ஒலிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சக்தி. நாற்பது வயதைத் தாண்டிய வாத்தியம். அந்த வயதில் நமக்கே மூட்டுப் பிடித்துக்கொள்கிறதே!

உண்மையிலேயே கோளாறுதானா?

ஒலியைப் பதியும் 'ரைட்' பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லையா? பின்புறம் பாருங்கள். பதிவுகள் தவறி அழியாதிருக்க அங்கே ஒரு காப்பு விசை உண்டு. அதைத் தள்ளி வைத்தால் விஷயம் முடிந்தது.

அடுத்து, எத்தனை பொத்தான்கள் ஊமையாயின என்று எண்ணுங்கள். இத்தகைய வாத்தியங்களில் பொத்தான்கள் கோலப் புள்ளிகளைப் போல் வரிசை வரிசையாய் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று மட்டும் ஊமையானால் குற்றம் அந்தப் பொத்தானுடையது. ஒரு வரிசையே ஊமையானால் பொத்தான்களைப் பழிக்காதீர்கள். கம்பியோ, இணைப்போ கழன்றிருக்கலாம்.

முதலில் ஒலிகளைக் காப்பாற்றுங்கள்

உள்ளே நாணயம் போன்ற ஒரு பாட்டரி இருக்கிறது. அது தீர்ந்தாலும், கழற்றினாலும் ஞாபகம் முழுவதும் போய்விடும். கம்பெனி கொடுத்த ஒலிகளைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கணவரோ, தம்பியோ பல இரவுகள் கண்விழித்து அமைத்த ஒலி போனால் போனதுதான்! நல்லவேளையாக, இந்த வாத்தியம் தன் ஞாபகத்தைக் காஸெட்டில் பதிந்து தரும். ஆகவே மூடியைத் திறக்குமுன் பதிந்துகொண்டு, சரியாகப் பதிந்ததா என்று சோதித்தும் விடுங்கள்.

பரிகாரம்

விசைக்குள் ஒரு சின்ன உலோகக் குமிழ் இருக்கிறது. அழுத்தினால் 'டிக்'கென்று அமுங்கி இரு முனைகளை இணைக்கும். தூசியும் களிம்பும் சேர்ந்தால் இணைப்பு ஏற்படாது. முப்பது நாற்பது தடவை விடாமல் அழுத்திப் பாருங்கள். சில சமயம் களிம்பு தேய்ந்து உயிர் வரும். மின் இணைப்புகளைத் துடைக்கும் திரவமும் உதவும். ஆனால் இரண்டும் தற்காலிக வைத்தியமே. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் விடவே கூடாது!

நிரந்தரப் பரிகாரம், புது விசை பொருத்துவதுதான். விலை சில ரூபாய்களே. எனினும் ஈயத்தை உருக்கி எடுக்கும்போது சூடு அதிகமானால் பலகையிலுள்ள செம்புக் கோடு பெயர்ந்துவிடும். பழக்கப்பட்ட கையிடமே ஒப்படையுங்கள். ஒன்று பழுதானால் அதே வயதுள்ள மற்றவையும் பின்தொடரும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்வது மேல்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஜப்பானில் விற்கப்பட்ட வாத்தியத்துக்கு 100 வோல்ட் மின்சாரம்தான். நம் வீட்டு 230 வோல்டில் நேரே செருகினால் புகைதான் வரும். பின்புறச் சீட்டைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

வேலை முடிந்ததும் துணியால் மூடி வையுங்கள். மாதம் ஒரு முறையாவது எல்லாப் பொத்தான்களையும் அழுத்தி, நாலு ராகம் வாசியுங்கள். களிம்பும் ஏறாது, வீட்டில் சங்கீதமும் நிலைக்கும்!